பழைய கார் வாங்கப் போகிறேன், கதவு ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, வண்டியின் அடையாள எண்ணான சேசிஸ் நம்பரை எங்கே பார்ப்பது?

தண்டையார்பேட்டை பாலா:
2017 மாடல் ஹூண்டாய் கிராண்ட் ஐ10 கார் ஒன்று பார்த்திருக்கிறேன், திருவொற்றியூர் வண்டி. விலை ஒத்துவருகிறது, ஆனால் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் இருக்கும் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருக்கிறது. டயருக்குக் காற்று எவ்வளவு அடிப்பது, ஆர்சி புக்கில் உள்ள சேசிஸ் நம்பரை எதோடு ஒத்துப் பார்ப்பது என்று புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் மெக்கானிக்:
தம்பி, ஸ்டிக்கரை விடுங்கள், இரும்பில் குத்திய நம்பர்தான் கணக்கு. சில வண்டிகளில் பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் இருக்கும், சிலவற்றில் முன் சீட்டுக்குக் கீழே கார்பெட்டில் வெட்டிய சின்ன மடிப்பைத் தூக்கினால் தெரியும். மொத்தம் 17 எழுத்து, ஹூண்டாய் என்றால் எம்ஏஎல் என்று ஆரம்பிக்கும். ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வரவே வராது, வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம்தான். கடல் காற்றில் துருப்பிடித்திருந்தால் துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். எழுத்து கோணலாக இருந்தாலோ அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட் இருந்தாலோ அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

காற்று அளவு வண்டியோடு வந்த கையேட்டிலும் இருக்கும். டயர் பக்கவாட்டில் போட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்க வேண்டாம். அங்கேயே உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் செய்த டயர்.

மணலி செல்வி:
திருவொற்றியூர் வண்டி என்கிறீர்கள், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள் பாலா. எங்கள் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் கறையோ சேற்று வாடையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம் பெல்ட்டின் அடியில் தைத்த லேபிளில் மை ஊறிப் பரவியிருக்கிறதா என்றும்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ இணைப்பைப் பிடுங்கியிருக்கலாம், அது எரிந்துகொண்டே இருப்பதைவிட மோசம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சன்வைசரில் உள்ள எச்சரிக்கைப் படத்தைத் தயவுசெய்து கவனியுங்கள், பின்பக்கம் பார்த்து வைக்கும் குழந்தை சீட்டை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது.

தண்டையார்பேட்டை பாலா:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. எட்டு மாதக் குழந்தை இருக்கிறான். ஞாயிறு காலை டார்ச்சோடு போய் சீட்டுக்கு அடியில் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.