பால்சா விமானத்துக்கு எரிபொருள் தாங்கும் மேற்பூச்சு: பியூட்டிரேட் டோப்பா, டூ-கே கிளியரா?

புதுச்சிறகு:
40 அளவு (0.40 கன அங்குலம்) குளோ எஞ்சின் (மெத்தனால் கலவையில் ஓடும் சிறு எஞ்சின்) பொருத்தும் பால்சா மர மாதிரி விமானம் ஒன்றைக் கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறேன். இறக்கைகளுக்குப் பட்டுத்துணி போர்த்தி நைட்ரேட் டோப் (துணியை இறுக்கி அடைக்கும் செல்லுலோஸ் பூச்சு) பூசியாகிவிட்டது. உடற்பகுதி ப்ரைமர் வரை வந்திருக்கிறது. நிறத்துக்கு நீர்வழி அக்ரிலிக் பெயிண்டைப் பயன்படுத்த எண்ணுகிறேன். எரிபொருளில் 10 சதவீதம் நைட்ரோமீத்தேன், 20 சதவீதம் எண்ணெய், மீதி மெத்தனால். அக்ரிலிக் தனியாக இதைத் தாங்காது என்பதை அறிவேன். அதன்மேல் எந்தக் கிளியரை (நிறமற்ற மேற்பூச்சை) பூசலாம்?

வால்காற்று:
கார் பட்டறைகளில் டூ-கே என்று சொல்லப்படும் இருகூறு பாலியூரித்தேன் கிளியரைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். டோப், லேக்கர் ஆகியவை கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்கின்றன. அவற்றைக் கரைக்கக்கூடிய திரவம் மறுபடி மேலே பட்டால் மறுபடி இளகிவிடும். டூ-கேயில் ஹார்டனரில் (இறுகவைக்கும் கூறில்) உள்ள ஐசோசயனேட், ரெசினோடு வினைபுரிந்து மூலக்கூறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைக்கிறது. முழுதாக இறுகிய பிறகு அதை உங்கள் எரிபொருள் ஒன்றும் செய்யாது.

நைட்ரோமீத்தேனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மெத்தனால் ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. நைட்ரோமீத்தேன் 101 டிகிரியில். ஆகவே மேலே சிந்திய துளியிலிருந்து மெத்தனால்தான் முந்திப் பறக்கும். எஞ்சிய துளியில் நைட்ரோவின் செறிவு ஏறிக்கொண்டே போகும். கேனில் 10 சதவீதமாக இருப்பது பெயிண்டின் மேல் 10 சதவீதமாகவே நிற்பதில்லை.

பால்சாப்பித்தன்:
வால்காற்று சொன்ன வேதியியல் சரி. அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. டோப் என்று பொதுவாகச் சொல்லி ஒதுக்குவது முறையல்ல. நைட்ரேட் டோப் குளோ எரிபொருளைத் தாங்காது; ஆனால் மரத்தையும் துணியையும் இறுகப் பற்றும் என்பதால் அடிப்பூச்சாக இடுகிறோம். அதன்மேல் பூசும் பியூட்டிரேட் டோப், பறந்து இறங்கியதும் துடைத்துவைக்கப்படும் விமானத்தில், 10 சதவீத நைட்ரோவை நன்றாகவே தாங்கும். கண்ட்ரோல் லைன் விமானங்களை (கம்பியில் பிடித்து வட்டமாகப் பறக்கவிடுபவை) பறக்கவிடுபவர்கள் பல பத்தாண்டுகளாக அதையே நம்பியிருக்கிறார்கள். நைட்ரோதான் அச்சம் என்றால் 5 சதவீதத்துக்கு இறங்குங்கள்; பெரும்பாலான 40 அளவு எஞ்சின்கள் அதில் ஒழுங்காகவே ஓடும். எஃப்2ஏ எனப்படும் கண்ட்ரோல் லைன் வேகப் போட்டி விமானங்கள் மெத்தனால் 80, எண்ணெய் 20 என்ற, நைட்ரோவே இல்லாத கலவையில் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் பறக்கின்றன.

இளகுவது குறை என்கிறார். பழுதுபார்க்கும்போது அதுவே டோப்பின் பலம். கீறல் விழுந்த இடத்தில் புதிதாகப் பூசும் டோப் பழைய பூச்சைச் சற்றே இளக்கி அதனோடு ஒன்றிவிடும். ஒட்டுப்போட்ட ஓரம் தெரியாது. டூ-கேயில் தேய்த்துத் தேய்த்து ஓரத்தை மறைக்க வேண்டியிருக்கும், அப்போதும் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் கோடு தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஐசோசயனேட்டைப் பற்றி ஒரே வரியில் கடந்துபோனது எனக்கு வருத்தம் தருகிறது. அது நுரையீரலை ஒவ்வாமைக்கு உள்ளாக்கும். ஒருமுறை அந்நிலை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூட ஆஸ்துமாவைத் தூண்டும். தீங்கு விளைவிக்கும் அளவில் இருக்கும்போதும் அதன் வாசனை தெரியாது என்பதால், கரி வடிகட்டி முகமூடி எப்போது செயலிழந்தது என்பதை அணிந்திருப்பவர் உணர வழியில்லை. வீட்டில் ஸ்ப்ரே செய்பவருக்கு இதைச் சொல்லாமல் டூ-கேயைப் பரிந்துரைக்கக் கூடாது.

வால்காற்று:
நியாயமான எச்சரிக்கை, அதை முழுதாக வழிமொழிகிறேன். அழுத்தினால் ஹார்டனர் உள்ளே கலக்கும் ஸ்ப்ரே கேன்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லாதவர்கள், உடற்பகுதியை ஒரு கார் பெயிண்ட் பட்டறையில் கொடுத்து, அவர்கள் வேறொரு வேலைக்குக் கலக்கும் கிளியரிலேயே மெல்லியதாக அடித்துத் தரச் சொல்லலாம். முழுதாக இறுகிய படலத்தில் அந்த ஆபத்து இல்லை.

ஆனால் கேள்வி கேட்டவர் நீர்வழி அக்ரிலிக் பூசப்போகிறார் என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. பியூட்டிரேட்டின் காரமான தின்னர் அதன்மேல் பட்டால் நிறம் சுருங்கி எழும்பிவிடும். நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கின் மேல் டூ-கே அமைதியாக உட்காரும்.

பால்சாப்பித்தன்:
நிறம் இன்னும் பூசப்படவில்லை. அக்ரிலிக்கை விட்டுவிட்டு நிறமுள்ள பியூட்டிரேட்டையே பூசலாம். ஒரே குடும்பப் பூச்சாக அமையும்போது மேல்பூச்சு கீழ்ப்பூச்சைத் தாக்கும் பிரச்சினையே எழாது. ஈரப்பதமான நாளில் மட்டும் வெண்மை படரும். அன்று வேலையைத் தள்ளிவைக்க வேண்டும், அல்லது ரிடார்டர் (காய்வதைத் தாமதிக்கும் தின்னர்) சேர்க்க வேண்டும்.

எண்ணெய்க்கறை:
இருவரும் மேல்பரப்பைப் பற்றியே வாதிடுகிறீர்கள். நான் பழுதுபார்க்கும் பழைய விமானங்களில் பெயிண்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கெட்டிருப்பது உள்ளே இருக்கும் மரம். எஞ்சின் போல்ட்டைக் கழற்றினால் ஃபயர்வால் (எஞ்சினைப் பொருத்தும் மரப்பலகை) துளையின் உட்சுவர் கறுத்து, விரலில் எண்ணெய் ஒட்டும். அந்த மரத்தில் இனி எந்தப் பசையும் பிடிக்காது. ஆகவே எந்தக் கிளியரைத் தேர்ந்தெடுத்தாலும், எஞ்சின் அறைக்கும் டேங்க் அறைக்கும் எப்பாக்சி பூசுங்கள்; போல்ட் துளைகளிலும் இறக்கை உட்காரும் மேடையின் ஓரங்களிலும் அதை விடாமல் தடவுங்கள். எப்பாக்சியை இளக்க ஆல்கஹால் ஊற்றினால் படலம் பலவீனமாகும். இதமாகச் சூடேற்றினாலே மரத்தில் இறங்கும்.

பால்சாப்பித்தன்:
மிகச் சரி. இன்னும் பேசப்படாதது எடை. ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்கு இருக்கும் தூரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்தில் வால் இருந்தால், வாலில் ஏறும் 10 கிராம் பூச்சைச் சமன்செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். பட்டறைக்காரர் காருக்கு அடிக்கும் கனத்தில் அடித்துவிட்டால் விமானத்தின் கதி என்ன? இன்னொன்று, டோப் பூசிய பட்டுத்துணி பல வாரங்கள் தொடர்ந்து இறுகிக்கொண்டே இருக்கும். கீழே அசையும் பரப்பின் மேல் அசையாத டூ-கேயைப் பூசினால் வெடிப்பு விழும்.

வால்காற்று:
இறக்கையைப் பொறுத்தவரை உங்களோடு உடன்படுகிறேன். அங்கே பியூட்டிரேட்டே பூசட்டும். எஞ்சின் புகையும் சூடான எண்ணெயும் நேராக அறையும் உடற்பகுதியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சைலன்சருக்குப் பின்னால் இரண்டு அடி நீளத்துக்கு, ஒவ்வொரு பறத்தலிலும் எரியாத எரிபொருள் படிகிறது. அங்கே டோப்பின் பளபளப்பு முதலில் மங்கும்.

புதுச்சிறகு:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் இரண்டையும் பால்சாத் துண்டுகளில் பூசிப் பார்த்துவிட்டே முடிவெடுக்கிறேன். சோதனையை எப்படிச் செய்வது?

வால்காற்று:
விமானத்தில் வரும் அதே அடுக்குகளை அதே வரிசையில் பூசி, குறைந்தது ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு நீங்கள் ஊற்றப்போகும் அதே எரிபொருளில் ஒரு துளி வையுங்கள். உடனே துடைக்காதீர்கள், நான் முன்பு சொன்ன காரணத்தால், மெத்தனால் பறந்தபின் எஞ்சும் துளிதான் உண்மையான சோதனை. கால் மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, நிறம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். நகத்தை ஊன்றி, தடம் பதிகிறதா என்றும் பாருங்கள்.

பால்சாப்பித்தன்:
மறுநாள் அதே இடத்தில் நகத்தை மறுபடியும் ஊன்றிப் பாருங்கள். பியூட்டிரேட் சற்று இளகியிருந்தாலும் மீண்டும் இறுகிவிடுவதுண்டு; முதல் நாள் தடத்தை மட்டும் வைத்து அதைத் தள்ளிவிட வேண்டாம். இரண்டு துண்டுகளையும் பூசுவதற்கு முன்பும் பின்பும் தராசில் நிறுத்து, அந்த எடைகளையும் இங்கே எழுதுங்கள்.