சதுரங்கக் கணினியின் ‘லெவல்’, ‘டைம் கன்ட்ரோல்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அட்டனிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு,

பாடசாலைச் சதுரங்கக் கழகங்களுக்கான கணினி மெனுவில் ‘லெவல்’ என்பதற்குக் ‘கடினத் தரம்’ என்றும், ஆட்டத்துக்கு நேரம் ஒதுக்கும் முறையான ‘டைம் கன்ட்ரோல்’ என்பதற்கு ‘நேரக் கட்டுப்பாடு’ என்றும் தலவாக்கலை ஐயா முன்மொழிந்திருந்தார். இரண்டையும் ஏற்க எனக்கு மனமில்லை. ஒரு சொல் பிள்ளைகளின் வாயில் ஏறிவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் இலங்கைப் பாடசாலைகளில் தரம் 5 என்றால் புலமைப்பரிசில் வகுப்பு. அதற்கு மேலே சாதாரண தரம், உயர்தரம். திரையில் ‘தரம் 8’ என்று வந்தால் தரம் 6 பிள்ளை அது தனக்கில்லை என்று ஒதுங்கிவிடும். ‘மட்டம்’ என்று போடலாமா? தேயிலைக் கொழுந்து மட்டம் பார்க்கக் கம்பு வைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது மேடுபள்ளமில்லாத சமம்; படிப்படியாக ஏறுவதை அது காட்டாது. ‘நிலை’ நல்ல சொல்தான், ஆனால் பலகையில் காய்கள் நிற்கும் அமைப்பை ஏற்கெனவே நிலை என்கிறோம். ‘நிலையை மாற்று’ என்று எழுதினால் எதை மாற்றுவது?

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பழைய சதுரங்கக் கணினிகள் பலவற்றில் லெவல் என்பது கடினத்தின் அளவே அல்ல, கணினிக்கு நாம் கொடுக்கும் நேரம். பிடெலிட்டி நிறுவனம் 1977 இல் செஸ் சேலஞ்சர் என்ற சதுரங்கக் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு பல நிறுவனங்களின் கருவிகளில் ஒரு லெவலுக்கு நகர்வொன்றுக்குச் சராசரி ஐந்து விநாடி, இன்னொன்றுக்கு மூன்று நிமிடம் என்று இருந்தது. சிலவற்றில் இத்தனை அரைநகர்வு (ஒரு பக்கத்தார் ஆடும் ஒரு நகர்வு) ஆழம் வரை மட்டும் தேடு என்று ஒரு லெவல், நிறுத்தும்வரை யோசித்துக்கொண்டே இரு என்று இன்னொன்று, இத்தனை நகர்வில் இராசாவை மடக்கும் வழியைக் கண்டுபிடி என்று வேறொன்று. இவை எல்லாவற்றுக்கும் ‘கடினம்’ என்று பெயர் வைத்தால் பிள்ளைதான் ஏமாறும். குறைந்த எண்ணைத் தெரிவுசெய்யும். கணினி சில விநாடியில் பதில் சொல்லி இருபது நகர்வில் தோற்கடிக்கும். கூடிய எண்ணைத் தெரிவுசெய்தால் கருவி நெடுநேரம் அசையாது. பழுது என்று நினைத்துப் பிள்ளை அதை நிறுத்திவிடும்.

வேண்டுமென்றே பலவீனமாக விளையாடும் முறை வேறு வகை. ஸ்டொக்பிஷ் என்ற சதுரங்க நிரலில் 0 முதல் 20 வரை திறன் அளவு இருக்கிறது. அதைக் குறைத்தால் சிறந்த நகர்வு தெரிந்திருந்தும் சில வேளை மோசமானதை விளையாடும். புதிதாகப் பழகும் பிள்ளைக்குத் தேவை இதுதான். ஆகவே ஒரே சொல்லில் அடைக்காமல் ‘வலுப்படி’, ‘யோசிக்கும் நேரம்’, ‘தேடும் ஆழம்’ என்று மூன்றாகப் பிரிக்கலாம் என்பது என் முன்மொழிவு.

அடுத்தது நேரம். கட்டுப்பாடு என்றால் தடுப்பது என்ற எண்ணமே வரும். ஆனால் உலக விரைவுச் சதுரங்கப் போட்டியின் 15 நிமிடம் + 10 விநாடி என்பதில் ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடி கூடுதலாகக் கிடைக்கிறது. 40 நகர்வு ஆடினால் ஒருவருக்கு மொத்தம் 21 நிமிடம் 40 விநாடி. ‘நேர வரம்பு’ என்றாலும் இந்தக் கூடுதல் தெரியாது. ‘நேரவிதி’ பொருந்தும். அதற்குள் தொடக்கத்தில் தருவது ‘அடிப்படை நேரம்’, நகர்வுதோறும் கூட்டுவது ‘நேரவேற்றம்’. சம்பளவேற்றம் என்று வீட்டில் கேட்டுப் பழகிய சொல் என்பதால் விளக்கம் தேவைப்படாது. முன்னாள் உலகச் சதுரங்கச் சம்பியன் பொபி பிஷர் 1989 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கடிகாரம் செய்ததும் இந்த ஏற்றத்தைத்தான்.

தலவாக்கலையிலிருந்து:

தங்கச்சி, தரம் பற்றிச் சொன்னது சரி, விட்டுவிடுகிறேன். ‘நேரவேற்றம்’ மிகப் பிடித்தது. ‘வலுப்படி’ மட்டும் ஒட்டவில்லை. ‘படி’ என்றதும் பிள்ளைக்குப் புத்தகம் ஞாபகம் வரும். அத்தோடு நம்மிடம் இருக்கும் கருவியின் திரையில் சில எழுத்துகளுக்கே இடம். வெறும் ‘வலு 3’ என்று போட்டால் என்ன?

அட்டனிலிருந்து:

ஐயா, ‘வலு’ என்றே வைப்போம். யாழ்ப்பாணத்தில் ‘வலு கெட்டிக்காரன்’ என்றால் ‘மிகவும்’ என்ற பொருள், ஆனால் பின்னால் எண் வரும்போது குழப்பம் வராது. இன்னொன்று பாக்கி: ஏற்றம் போலக் கூடாமல், நகர்வு தொடங்கும்போது கடிகாரம் சில விநாடி ஓடாமல் நிற்கும் முறையும் உண்டு. அதற்கு ‘தாமதம்’ என்றால் பாடசாலைக்குப் பிந்தி வந்ததுபோல் இருக்கிறது. ‘பொறுநேரம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பண்டாரவளைப் பக்கத்து ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்து, கேட்டவுடன் புரிகிறதா என்று எழுதுங்கள்.