லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) "காயங்கள்" பற்றிச் சாட்சி: எப்படி நடத்துவது?

பெரம்பூர்_வீட்டுக்கூட்டம்:
தோத்திரம். "ஆண்டவர் என் காயத்தை எப்படிப் பயன்படுத்தினார்" என்ற தலைப்பில் வாரம் ஒருத்தர் சாட்சி (தன் வாழ்க்கையில ஆண்டவர் செஞ்சதை எல்லார் முன்னாடியும் சொல்றது) சொல்லணும்னு திட்டம். 14 பேர் வர்றாங்க. விவாகரத்து ஆனவங்க, குழந்தையைப் பறிகொடுத்தவங்க, சின்ன வயசில் கொடுமை அனுபவிச்சவங்க இருக்காங்க. எதைக் கவனிக்கணும்? யூடியூப்ல போடவும் யோசனை இருக்கு.

வேதவகுப்பு_அண்ணன்:
முதல்ல தலைப்பை மாத்துங்க. இப்படிக் கேட்டா, ஆறாத காயத்தையும் ஆறிடுச்சுன்னுதான் சொல்லுவாங்க. வேதத்துல, சொந்தச் சகோதரரே குழியில போட்டு, எகிப்துக்கு அடிமையாப் போக வித்த யோசேப்போட கணக்கைப் போட்டுப் பாருங்க. விற்கப்பட்டப்போ 17 வயசு, பார்வோன் முன்னாடி நின்னப்போ 30. ஏழு வருஷ விளைச்சல், ரெண்டு வருஷப் பஞ்சம் கழிச்சு, "தேவன்தான் என்னை அனுப்பினார்"னு சகோதரர்கிட்ட சொல்றப்போ 39. நடுவுல 22 வருஷம்! அதுவும் எகிப்தியர் எல்லாரையும் வெளியே அனுப்பிட்டுத்தான் வாயைத் திறந்தார். குழியில கிடந்தப்போ யாரும் எட்டிப் பார்த்து இதை அவருக்குப் பிரசங்கம் பண்ணல.

ஆலோசனை_மேசை:
14 பேர் அதிகம், ரெண்டாப் பிரிங்க. சாட்சிக்கு முன்னாடி வேதத்துல உள்ள 13ஆம் சங்கீதத்தை (ஜெபப் பாட்டு) வச்சு எழுத வையுங்க. ஆளுக்கொரு நோட்டு, 15 நிமிஷம், ஒரே ஒரு காயம். இருக்கிறதிலேயே பெரிசை முதல் நாளே எடுக்க வேண்டாம். 1-2 வசனம் முறையீடு, "எதுவரைக்கும்" நாலு தடவை வரும். 3-4 விண்ணப்பம். 5-6 நம்பிக்கை. எல்லாரும் தவறுற இடம், நேரா ஐந்தாம் வசனத்துக்குத் தாவுறது. அது வரலேன்னா நாலோட நிறுத்தட்டும், 88ஆம் சங்கீதம் இருளில்தானே முடியுது! எழுதினதை யாரும் வாங்கிப் படிக்கக் கூடாது. எழுதி முடிச்சதும் கொஞ்ச நேரம் மனசு பாரமா இருக்கும், உடனே வீட்டுக்கு அனுப்பாம டீ போட்டு உட்கார வையுங்க.

யார் பேசலாம்? முதல்ல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லட்டும். அன்னிக்கு ராத்திரி தூக்கம் போனா, மறுநாள் வேலை ஓடலேன்னா, இன்னும் ஆறல. மைக் வேண்டாம்.

மன்னிக்கிறது வேற, அடிச்சவன் வீட்டுக்கே திரும்பிப் போறது வேற. ஜெபிச்சாச்சுன்னு மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க. சாகணும்னு யாராவது பேசினா தனியா விடாம, கூட இருந்தே அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு அடிங்க. 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை பாலியல் கொடுமையைச் சொன்னா ரகசியம்னு மூடக் கூடாது. போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கிற) சட்டப்படி போலீசுக்குத் தெரிவிச்சாகணும். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098லயும் உதவி கிடைக்கும்.

சின்னமலை_வாசி:
யூடியூப் வேண்டவே வேண்டாம். ஜெபக்குறிப்பு வாட்ஸ்அப்ல ஊர்க்கதையா மாறுறதே போதும். நம்ம ஊருக்கு வந்ததாச் சொல்ற இயேசுவின் சீஷர் தோமாவையே எடுத்துக்குங்க. உயிர்த்தெழுந்த பிறகும் இயேசு தழும்போடதான் இருந்தார். அதை, தமக்கு மரண தண்டனை கொடுத்த பிலாத்துவின் அரண்மனையில் போய்க் காட்டல. பூட்டின அறைக்குள்ள, தம்மோட ஆட்களுக்கு, சந்தேகப்பட்ட தோமா ஒருத்தருக்காக எட்டு நாள் கழிச்சுத் திரும்ப வந்து காட்டினார். தோமா அந்தத் தழும்பைத் தொட்டாரான்னு யோவான் தன் சுவிசேஷத்துல எழுதவே இல்ல, கவனிச்சிருக்கீங்களா? 2 கொரிந்தியர் 1:4 சொல்ற ஆறுதலும் (தேவன் நமக்குத் தந்த ஆறுதலால மத்தவங்களை ஆறுதல்படுத்துறது) அப்படித்தான், ஆளுக்கு ஆள் போறது. பிள்ளையை இழந்த தாய் இன்னொரு துக்க வீட்டுல பேசாம பக்கத்துல உட்காரட்டும், அவங்களே விரும்பினா மட்டும்.

பெரம்பூர்_வீட்டுக்கூட்டம்:
நன்றி. ஏழு ஏழாப் பிரிக்கிறோம், வர்ற வாரம் நோட்டும் பேனாவும் மட்டும்தான். கேமரா ஏற்பாட்டை நிறுத்தச் சொல்லிட்டேன். பாஸ்டர்கிட்ட இனிமேதான் பேசணும்.