மெட்டியாபுரூஸிலிருந்து ஒரு போட்டோ

குழு: நம்ம வீடு

மீனா (10:12): 📷 எல்லாருக்கும் வணக்கம். கதக் டீச்சர் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்று லீவு, வந்துவிட்டேன். கொல்கத்தாவில் மெட்டியாபுரூஸ், சிப்தைனாபாத் இமாம்பாரா, ஷியா முஸ்லிம்கள் முஹர்ரம் துக்கம் அனுசரிக்கும் மண்டபம். லக்னோவை ஆண்ட கடைசி நவாப் வாஜித் அலி ஷா இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

பெரியப்பா (10:15): அடடா! லக்னோவில் வேலை பார்த்தபோது தினமும் கைசர்பாக் வழியாகத்தான் ஆபீஸ் போவேன். அவர் கட்டிய அரண்மனை. அவர் சமாதியை நான் பார்த்ததில்லை. இன்னும் நாலு போட்டோ அனுப்பு கண்ணு.

சித்தி (10:21): ஆட்டம் பாட்டம் என்று இருந்து நாட்டைக் கோட்டை விட்ட நவாப்தானே அண்ணா?

பெரியப்பா (10:29): அது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட பேச்சு அம்மா. இவர் ஆண்ட அவத் (அயோத்தி) சீமையை எடுத்துக்கொள்ள அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. 1856 பிப்ரவரியில் ஒப்பந்தத்தை நீட்டினான். இவர் கையெழுத்துப் போடவில்லை. தலைப்பாகையைக் கழற்றி கம்பெனியின் பிரதிநிதி (ரெசிடென்ட்) அவுட்ரம் கையில் வைத்தார். மகுடம் போனாலும் சம்மதம் தரவில்லை, அதைப் பார்.

பெரியப்பா (10:31): நியாயம் கேட்க அவருடைய தாய் லண்டன் வரை போனார். வெறுங்கையோடு திரும்பும் வழியில் 1858இல் பாரிஸில் இறந்துபோனார். அங்கேயே புதைத்தார்கள்.

சித்தி (10:33): ஐயோ. மகன் முகத்தைப் பார்க்காமலேயா?

பெரியப்பா (10:35): ஆமாம். நாடு இழந்து கொல்கத்தா வந்த மகன் அப்போது அங்கே வில்லியம் கோட்டையில் சிறையில். 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் அவர் சேரவே இல்லை, ஆனாலும் பிடித்து வைத்தார்கள். லக்னோவில் நின்று போராடியது அவருடைய பேகம்களில் ஒருவரான ஹஸ்ரத் மகால்.

ரவி (10:40): அவர் எழுதவும் செய்வாரா பெரியப்பா?

பெரியப்பா (10:46): நிறைய. கவிதைக்குப் புனைபெயர் அக்தர், நட்சத்திரம் என்று பொருள். தும்ரி என்கிற இந்துஸ்தானிப் பாட்டு வகையில் அக்தர் பியா. பட்டத்துக்கு வரும் முன்பே, 1843இல், ராதை கண்ணன் கதையை நாடகமாக எழுதி ஆடவைத்தார். ஒரு முஸ்லிம் இளவரசர்! கதக்கை டாக்கூர் பிரசாத்திடம் தானே கற்றுக்கொண்டார். கலைஞர்களுக்குப் பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை, அவர்களோடு உட்கார்ந்து கற்றவர். அதனால்தான் எனக்கு அவர்மேல் அவ்வளவு மதிப்பு.

மீனா (10:52): டீச்சரும் இதைத்தான் சொல்வார். ஆண்டுக்கு 12 லட்சம் பென்ஷனை வைத்துக்கொண்டு இந்த ஆற்றங்கரையில் குட்டி லக்னோவையே உண்டாக்கினாராம். பாட்டுக்காரர்கள், ஆடுகிறவர்கள், தையல்காரர்கள், பட்டம் விடுகிறவர்கள், புலியும் பாம்பும் வைத்த மிருகக்காட்சிசாலை. 1887இல் அவர் போன பிறகு அதெல்லாம் கலைந்துவிட்டது. ஆனால் தெருவில் இன்றைக்கும் வாசலுக்கு வாசல் தையல் மெஷின் சத்தம்.

ரவி (10:54): கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு போடுவார்களே, அதுவும் அவரால்தானா?

மீனா (10:55): அவர் வீட்டுச் சமையல்காரர்கள் ஆரம்பித்தது என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். மதியம் சாப்பிடப் போகிறேன் 😊

சித்தி (11:02): 'பாபுல் மோரா' அவர் பாட்டா? அப்பா ரேடியோவில் சைகல் பாடியதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாரே.

பெரியப்பா (11:05): அவர் எழுதியது என்றுதான் சொல்வார்கள். பிறந்த வீட்டைவிட்டுப் பல்லக்கில் போகிற பெண்ணின் பாட்டு. லக்னோவைவிட்டுக் கிளம்பியவர் திரும்பவே இல்லையே.

மீனா (11:20): 🎤 கிளாஸில் போன வாரம் அதற்கு அபிநயம் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே முற்றத்தில் யாருமில்லை, முதல் வரி மட்டும் மெதுவாகப் பாடினேன். பின்னால் கேட்பது புறா.

பெரியப்பா (11:24): கேட்டேன் கண்ணு. பெரியம்மா குளித்துவிட்டு வரட்டும், அவளோடு இன்னொரு தரம் கேட்கிறேன்.