ஃபாச்சோ 'அம்லேத்தோ'வைக் கைவிட்டது சரியா?

தென்றல்:
இத்தாலிய இசைக்கலைஞர் பிராங்கோ ஃபாச்சோவை, 'இசையமைப்பாளர் வெர்டியின் இசைக்குழு நடத்துனர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஹாம்லெட் கதையை நண்பரான கவிஞர் பொய்த்தோ எழுத, ஃபாச்சோ இசையமைத்த 'அம்லேத்தோ' என்ற ஓபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) 1865-இல் ஜெனோவாவில் அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 25. 1871-இல் மிலானின் லா ஸ்கலா ஓபரா அரங்கில் மறுபடி போட்டபோது, ஹாம்லெட்டாகப் பாட வேண்டிய திபெரினிக்குத் தொண்டை சரியில்லை. ஒரே ராத்திரி, எல்லாம் போச்சு. அதற்கப்புறம் ஃபாச்சோ ஓபராவே எழுதவில்லை. ஒருவர் தொண்டை கட்டியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

பழைய ரசிகர்:
தம்பி, அதைத் தண்டனை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அடுத்த வருடமே அதே மேடையில் வெர்டியின் 'ஐடா' ஓபராவை ஐரோப்பாவுக்கு முதன்முதலில் நடத்திக் காட்டினார். 1863-இல் ஃபாச்சோவுக்கு நடந்த விருந்தில், இத்தாலியக் கலையின் பலிபீடமே அழுக்காகிவிட்டது என்று பொய்த்தோ கவிதை வாசித்தார். தன்னைத்தான் குத்துகிறார்கள் என்று வெர்டி புண்பட்டார். அப்படிப்பட்டவர் 1887-இல் தன் புது ஓபரா 'ஒதெல்லோ'வையே ஃபாச்சோ கையில் கொடுத்தார். முதல் அங்கத்தின் கடைசியில் சண்டைச் சத்தமெல்லாம் அடங்கி, நான்கு செல்லோ (வயலின் இனத்துப் பெரிய தந்திக் கருவி) மட்டும் தணிந்து பேசுமே, அந்த இடத்தைக் கேளுங்கள். அன்று அந்த செல்லோக்காரர்களில் ஒருவர், பின்னாளில் பெரிய இசைக்குழு நடத்துனரான 19 வயது தோஸ்கனினி. அந்த அமைதியை முதலில் கொண்டுவந்தது, இசைக்குழுவை நடத்திய ஃபாச்சோவின் கைக்கோல். அதுவும் படைப்புதான்.

தென்றல்:
அண்ணா, அதில் ஒரு சொல்லையும் மறுக்கவில்லை. ஆனால் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை புனித ஸ்பிரிடன் ஊர்வலத்தில் பேண்டு வாசிப்பது 'அம்லேத்தோ'வின் சாவு ஊர்வல இசை. ஒஃபீலியாவுக்காக எழுதியது. பித்தளைக் கருவிகள் அடி அடியாக வைத்து நடக்கும். அதைக் கேட்டபின் மிச்சத்தையும் கேட்கத் தோன்றாதா? 2014-இல் அமெரிக்காவின் அல்புகெர்க்கியில் முழு ஓபராவையும் மீட்டு மேடையேற்றினார்களே! 140 வருடத்துக்கு மேல் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

பழைய ரசிகர்:
சரி, அந்த ஊர்வல இசைக்கு நானும் தலைவணங்குகிறேன். இருந்தாலும், தோற்ற மறுநாள் எழுந்து அடுத்தவர் இசைக்கு முழு உயிரையும் கொடுத்தாரே, அதை வீணாய்ப்போன வாழ்க்கை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மேடையோரம்:
இருவரும் விட்ட ஒன்று. கடைசியில் ஃபாச்சோவுக்குப் புத்தி பேதலித்தது. பார்மா இசைக் கல்லூரியின் இயக்குநர் பதவி கிடைத்தும் வேலை செய்ய முடியவில்லை. பொய்த்தோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார், சம்பளம் நண்பனுக்குப் போனது. 1891-இல் மொன்சாவில் ஃபாச்சோ இறக்கும்போது வயது 51.