புதுப்பிப்பு: கப்பி மீன்கள் சாவது நின்றுவிட்டது

தக்கலை வீட்டில் 60 லிட்டர் தொட்டி, தண்ணீர் மாற்றிய மறுநாளே நாலு கப்பியும் ஒரு மோலியும் மிதந்தன என்று இரண்டு வாரம் முன்பு புலம்பியிருந்தேன். அதன்பின் இன்னும் இரண்டு போயின. இப்போது ஒன்பது நாளாக ஒன்றும் சாகவில்லை.

அந்தப் பதிவைப் படித்த நீங்கள், குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின்தான் காரணம் என்றீர்கள். பாதி சரி. மழைக்குப் பிறகு குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைத்தது. ஆனால் பெரிய தப்பு என்னுடையது. ஃபில்டர் ஸ்பாஞ்சையும் அதே தண்ணீரில் அழுக்கே இல்லாமல் பிழிந்து கழுவியிருக்கிறேன்! மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருந்தன; அவையும் குளோரினில் அடிபட்டுப் போயின. டெஸ்ட் கிட்டில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் வாழையிலைப் பச்சையாக மாறியது: அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு). மிச்ச மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன, செவுள் ரத்தச் சிவப்பு.

தீனியைக் குறைத்தேன். தினமும் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றினேன். குழாய்த் தண்ணீர் வேண்டாமென்று பக்கத்து வீட்டுக் கிணற்றில் கோரி, வாளியில் ராத்திரி முழுக்க ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடவிட்டு ஊற்றினேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 6.5, பிஎச் குறைந்தால் அம்மோனியாவின் விஷமும் குறையும், அதுவும் கைகொடுத்தது. "குளத்து மீனுக்கு யாரு மக்கா தண்ணி மாத்துனா?" என்று அந்த வீட்டுப் பாட்டி கேட்டதற்குத்தான் பதில் இல்லை.

நேற்று அம்மோனியா 0.25. நைட்ரைட்டும் மீனுக்கு விஷம்தான், அது இன்னும் இறங்கவில்லை, அதனால் புது மீன் இப்போதைக்கு இல்லை. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசுகிறேன்.