பாடகரின் கிதாரில் படம் வரையச் சொல்கிறார்கள். எவ்வளவு கேட்கலாம், என்ன எழுதி வாங்கலாம்?

கேள்வி: ஏர்பிரஷ்_கோவை

வணக்கம். கோவையில் பைக் டேங்குகளுக்கும் ஹெல்மெட்டுகளுக்கும் ஏர்பிரஷ் வேலை (காற்றால் பெயிண்டைத் தெளித்துப் படம் வரைவது) செய்து பிழைக்கிறேன். புல்லட் டேங்கில் சிவன், புலி, அப்பா முகம், இதுதான் பெரும்பாலும். கோ-கார்ட் என்ற குட்டி ரேஸ் கார் ஓட்டும் பையன்கள் ஹெல்மெட் கொண்டுவருவார்கள். அதில்தான் எனக்கு உண்மையான சந்தோஷம், ஏனென்றால் அவர்கள் புலி கேட்பதில்லை.

போன வாரம் ஒரு சினிமாப் பாடகரின் மேனேஜர் கூப்பிட்டார். பெயர் வேண்டாம். அக்கூஸ்டிக் கிதார் ஒன்றில் முழுக்கப் படம், கூடவே இரண்டு ஹெல்மெட். ரேட் கேட்டதும், "பணத்தைப் பெரிசா யோசிக்காதீங்க, சார் இன்ஸ்டாகிராம்ல போட்டா உங்க லைஃபே மாறிடும்" என்றார். வீட்டில் சொன்னேன். "கரண்ட் பில்லையும் இன்ஸ்டாகிராமே கட்டுமா?" என்கிறாள் மனைவி.

கான்வாஸைத் தொடாமல், இப்படிக் கண்ட பொருளிலும் வரைந்து, பிரபலங்களுக்குச் செய்து கொடுத்தே பெயர் வாங்கியவர்கள் இருக்கிறார்களா? அவர்களுக்குக் காசு வந்ததா? கிதார் எனக்குப் புதுசு, அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நடராஜ்_கட்அவுட்

தம்பி, நான் மவுண்ட் ரோடு பேனர் காலத்து ஆள். டிஜிட்டல் பிரிண்ட் வந்த பிறகு வேன், ஆட்டோ, கல்யாண மண்டபச் சுவர் என்று எதை நீட்டினாலும் வரைந்தேன். முதலில் காசு விஷயம் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜோப்ளின் 1968-ல் 3,500 டாலருக்கு ஒரு பழைய போர்ஷே 356 வாங்கினார். வெள்ளை நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. தன் இசைக்குழுவோடு சாமான் தூக்கிக்கொண்டு சுற்றிய டேவ் ரிச்சர்ட்ஸ் என்பவரிடம் 500 டாலர் கொடுத்து வரையச் சொன்னார். அந்த ஆள் பட்டாம்பூச்சி, மலை, முகங்கள், கண் என்று ஒரு பிரபஞ்சத்தையே அந்தக் காரில் ஏற்றிவிட்டார். 2015 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் அது 17 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைக்குச் செய்தி படித்தவர்களில் எத்தனை பேருக்கு டேவ் ரிச்சர்ட்ஸ் பெயர் ஞாபகம் இருக்கும்?

ஆனால் அவரிடம் கற்க வேண்டிய தொழில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. 1969-ல் அந்தக் காரை எவனோ திருடி, அடையாளம் தெரியாமலிருக்க மேலே சாம்பல் பெயிண்ட் அடித்துவிட்டான். கார் திரும்பக் கிடைத்ததும் ரிச்சர்ட்ஸ் அந்தச் சாம்பலை மட்டும் எடுத்தார், படம் அப்படியே அடியில் இருந்தது. காரணம் கிளியர் கோட், அதாவது படத்தின் மேல் கொடுக்கும் நிறமில்லாத பூச்சு. அவர் ஓவியத்தை முறையாக மூடி வைத்திருந்தார்.

இதற்கு நேர் எதிர், இங்கிலாந்து ராக் கலைஞர் எரிக் கிளாப்டனின் கிதார். 1964-ல் செய்த கிப்சன் எஸ்ஜி என்ற எலக்ட்ரிக் கிதார். 1967-ல் 'தி ஃபூல்' என்ற டச்சுக் கோஷ்டி, சைமன் போஸ்துமா, மரைக்கே கோகர் இருவரும், தேவதை, தீ, நட்சத்திரம் எல்லாம் போட்டு வரைந்தார்கள். உன் கேள்விக்கு நேரான பதில் இவர்கள்தான்: ஜான் லெனானின் பியானோ, ஜார்ஜ் ஹாரிசன் வீட்டு கணப்படுப்பு, பீட்டில்ஸ் லண்டன் பேக்கர் தெருவில் திறந்த கடையின் முழு வெளிச்சுவர். பக்கத்துக் கடைக்காரர்கள் புகார் செய்து, நகராட்சி தலையிட்டு, அந்தச் சுவரை வெள்ளையடிக்க வைத்துவிட்டார்கள். நம்மூர் பேனரே அதைவிட அதிக நாள் தாங்கும்! கிதாருக்கு வருகிறேன். அதன் பெயிண்ட் உதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு 500 டாலருக்கு அதை எடுத்த அமெரிக்கப் பாடகர் டாட் ரன்ட்கிரன் பழுதுபார்த்து, மேலே பூச்சு கொடுத்துத்தான் வாசித்தார். 2023-ல் அது 12 லட்சத்து 70 ஆயிரம் டாலர்.

ஆக ரேட்டை மணிக்கணக்கில் போடாதே. ஆண்டி வார்ஹால் 1979-ல் ஒரு பிஎம்டபிள்யூ ரேஸ் காரை 28 நிமிடத்தில் வரைந்து முடித்தார், அவருக்கு மணிக்கூலி கொடுத்திருந்தால் டீ காசுகூட வந்திருக்காது. வேலைக்கு ஒரு மொத்தத் தொகை சொல், பாதி முன்பணம் வாங்காமல் பிரைமர் டப்பாவைத் திறக்காதே.

பதில்: ஏர்பிரஷ்_கோவை

அண்ணே, நன்றிங்க. 500 டாலர் கதை வயிற்றைக் கலக்குகிறது. ஹெல்மெட் பக்கம் யாராவது நன்றாக இருந்தார்களா?

பதில்: பிட்ஸ்டாப்

இருக்கிறார்கள், அதுவும் பரம்பரைத் தொழில் மாதிரி. பிரேசிலின் சிட் மோஸ்கா, சாவோ பாவ்லோ பட்டறைக்காரர். ஃபார்முலா ஒன் கார் பந்தயக்காரர்கள் ஃபிட்டிபால்டி, பிக்கே, சென்னா மூவரின் ஹெல்மெட்டும் அவர் கையில்தான். சென்னாவின் அந்த மஞ்சள், பச்சை, நீலம் 1979 உலகக் கார்ட்டிங் போட்டிக்காகப் போட்டது, அதாவது அப்போது சென்னா யாரென்றே உலகத்துக்குத் தெரியாது. அதனால் உங்கள் கார்ட்டிங் பையன்களை விட்டுவிடாதீர்கள், பாடகரைவிட அவர்கள்தான் உங்களுக்கு முக்கியம் என்பது என் கட்சி.

இத்தாலியில் ஆல்டோ ட்ரூடி. பைக் பந்தயக்காரர் கிராசியானோ ரோஸிக்குச் செய்தார், பிறகு அவர் மகன் வாலன்டினோவுக்கு. 2008 முஜெல்லோ பந்தயத்துக்கு ஹெல்மெட் உச்சியில் வாலன்டினோவின் முகத்தையே கண் பிதுங்க வரைந்தார், நேர்ப்பாதை முடிவில் பிரேக் பிடிக்கும்போது உள்ளே இருக்கும் முகம் அது. ஜெர்மனியில் யென்ஸ் முன்சர், ஃபார்முலா ஒன் சாம்பியன்கள் ஷூமாக்கர், வெட்டல் இருவருக்கும் செய்தவர். வெட்டல் பந்தயத்துக்குப் பந்தயம் டிசைன் மாற்றுவார், பட்டறைக்கு ஓயாத வேலை. 2015-ல் ஃபார்முலா ஒன்னில் சீசன் நடுவே டிசைன் மாற்றக் கூடாது என்று விதி வந்தது, 2020-ல் நீக்கினார்கள். ஒரே வகை வாடிக்கையாளரை நம்பினால் இதுவும் நடக்கும்.

பாடகரின் ஹெல்மெட்டின் ஷெல் (வெளி ஓடு) எதனால் ஆனது என்று கட்டாயம் பாருங்கள். ஃபைபர் கிளாஸ் என்றால் பரவாயில்லை. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றால் தின்னர் பட்டாலே வெளியே தெரியாமல் உள்ளே பலவீனமாகும். அழகாக இருக்கும், விழுந்தால் உடையும். அது ஷெல்ஃபில் வைக்கத்தான் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மறுத்துவிடுங்கள்.

பதில்: வக்கீல்_மயிலாப்பூர்

எழுத்து என்றதும் வந்தேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17. ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து ஓவியம் வரையச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான், வரைந்தவர் அல்ல. நாளை உங்கள் டிசைனை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றாலும் உங்களால் கேட்க முடியாமல் போகலாம்.

இதில் ஒரு வேடிக்கை. மேனேஜர் சொன்னபடி நிஜமாகவே ஓசியில் செய்தால் உரிமை உங்களிடமே தங்க வாய்ப்புண்டு! (இன்ஸ்டாகிராம் பதிவே கூலி என்று அவர்கள் வாதாடலாம், அது வேறு.) அதற்காக ஓசியில் செய்யாதீர்கள். "பதிப்புரிமை ஓவியருக்கே" என்று ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த வரி பிரிவு 53ஏ-க்கும் உதவும். அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் வரைந்தவருக்கு 10 சதவீதத்துக்கு மிகாத பங்கு கேட்க அது இடம் தருகிறது, ஆனால் முதல் உரிமையாளராக இருந்தால் மட்டுமே. கிதார் மேல் வரைந்தாலும் ஓவியம் ஓவியம்தான் என்று நான் வாதாடுவேன்.

பெயர் மட்டும் எப்படியும் உங்களுடையது. அதைச் சொல்வது பிரிவு 57, படைப்பைச் சிதைத்தால் கேட்கவும் அதுவே இடம் தருகிறது. சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979-ல் அரசு பெயர்த்து எடுத்துச் சிதைத்தது. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது. எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பயந்துவிடாதீர்கள், ஒரு வரி முன்கூட்டியே இருந்தால் இவ்வளவு தூரம் போகாது.

பதில்: ஏர்பிரஷ்_கோவை

மேடம், அந்த வரியை மேனேஜருக்கு அனுப்பினேன். "சாரிடம் கேட்டுச் சொல்றேன்" என்றார். முன்பணம் என்றதும் குரல் மாறியது, ஆனால் வைக்கவில்லை. ஹெல்மெட் இரண்டும் பாலிகார்பனேட்தான், அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பதில்: நடராஜ்_கட்அவுட்

நல்லது. கிதார் வந்தால்: கழுத்தின் பின்பக்கம் பிரஷ் வைக்காதே, கை வழுக்காமல் மாட்டும். மேல் பலகைதான் அதிர்ந்து சத்தம் தருவது, அங்கே தடியாகப் பூசினால் குரல் அடைத்துவிடும். பெரிய படத்தைப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் வை, முன்னால் மெல்லிசாக ஓட்டு. கிதாரின் பழைய லேக்கர் பூச்சு மேல் உன் கிளியர் கோட் ஒத்துப்போகிறதா என்று மூலையில் சோதித்துப் பார். கையெழுத்தைக் கிளியருக்கு அடியில் போடு, மேலே போட்டால் எவனும் தின்னரில் துடைத்துவிடுவான்.